பெரியப்பாவின் டயட்டீஷியன்

தேனியில் கம்பம் பஸ் ஏறி, ஜன்னலோரம் ஒரு சீட்டும் கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீங்கள் நல்ல முகத்தில் விழித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வரிசையாக ஊர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற வயல்கள், பள்ளத்தாக்கு முழுக்க 14,707 ஏக்கர். அப்புறம் வாழை, தென்னை. கம்பத்தைத் தாண்டிச் சுருளிப் பக்கம் திரும்பினால், பந்தல் பந்தலாகக் கறுத்துத் தொங்குகிற பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்.

அந்தப் பந்தல்களில் ஒன்றரை ஏக்கர் என் பெரியப்பாவுடையது.

இந்தப் பக்கத்தில் யாராவது 'மருந்துக்கடைக்குப் போயிட்டு வர்றேன்' என்று சொன்னால், காய்ச்சலா, தலைவலியா என்று விசாரிக்காதீர்கள். மருந்து மனுஷனுக்கு அல்ல, கொடிக்கு. சாம்பல் நோய் விழுந்துவிட்டது, பூச்சி வந்துவிட்டது என்று இலையைக் கிள்ளிக்கொண்டு போய் கடைக்காரரிடம் காட்டுவார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்.

அந்தக் கடையில் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு லைசென்ஸ் தொங்கும். 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அது இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. 2015-ல் ஒரு படி மேலே போய், கடை வைக்கிறவருக்கு விவசாயமோ, அறிவியலோ படித்த பட்டம் வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். பழைய கடைக்காரர்களுக்கு அவகாசம் கிடைத்தது. நரைத்த மீசையோடு பல பேர் டிப்ளமா வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

ஆக, திராட்சைக் கொடிக்கு வைத்தியம் பார்க்க லைசென்ஸ் உண்டு. அந்தக் கொடியை வளர்க்கிற பெரியப்பா என்ன சாப்பிடலாம் என்று சொல்வதற்கு?

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். கதையில் ஒரு குற்றவாளி உண்டு. அவருக்கு உடந்தையாக இருந்த ஓர் ஆசாமியும் உண்டு. உடந்தை வேறு யாருமில்லை, நான்தான்.

*

பெரியப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு. இருபது வருஷமாகச் சர்க்கரை. இதில் ஆச்சரியமில்லை. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

ஒருநாள் அண்ணனிடமிருந்து, அதாவது பெரியப்பாவின் மகனிடமிருந்து, போன்.

"டேய் தம்பி, தேனியில ஒரு டயட்டீஷியன் வந்திருக்காராம்ப்பா. மூணே மாசத்துல சுகரு இறங்கிருமாம். மாத்திரையே வேணாங்கிறாங்க. நீ பத்திரிகையில இருக்கவன், ஆளு எப்பிடின்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் தெரியுமா? ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே, செல்போனில், நாலு நிமிஷம். கோட்டு சூட்டில் ஒருவர். பக்கத்தில் தங்க முத்திரை குத்திய சான்றிதழ். 'முன்பு', 'பின்பு' என்று ஜோடி ஜோடியாகத் தொப்பை போட்டோக்கள். பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துகள், நடுநடுவே புள்ளிகள். புள்ளி வைத்த எழுத்து என்றாலே நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

"நல்லாத்தாண்ணே இருக்கு. சேத்து விட்டுருங்க" என்றேன். அது மட்டுமா? பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி சுருளி அருவி காட்டியவர் இல்லையா? அந்தப் பாசத்தில், கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறையும் நானே அனுப்பி வைத்தேன்.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே 'வவுச்சிங்'தான். கணக்கில் ஒரு தொகை எழுதியிருந்தால், அதற்கு ஆதாரச் சீட்டு எங்கே என்று கேள். சீட்டு இல்லாவிட்டால் நம்பாதே. பெட்டிக்கடைக் கணக்காக இருந்தாலும் இதுதான் விதி. பத்திரிகைத் தொழிலிலும் இதேதான் விதி. இரண்டையும் சம்பளத்துக்காகப் பின்பற்றுகிற நான், பெரியப்பா விஷயத்தில் சீட்டுக் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லாமே அமோகம். காலையில் டப்பாப் பவுடரைக் கலக்கி ஒரு டம்ளர். பதினோரு மணிக்கு இளநீர். சாயங்காலம் இரண்டு வாழைப்பழம். ராத்திரி கீரை சூப். அரிசிச் சோறு கூடாது. சாதா உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த விசேஷ உப்பு. திராட்சை? 'விஷம், தொடவே கூடாது!' தோட்டம் முழுக்கத் தொங்குகிற பழத்தைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு பெரியப்பா மருந்தடிக்கப் போய் வந்தார். நாலு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. நான் கைதட்டுகிற பொம்மையைப் போட்டேன்.

ஆறாவது வாரம் ஒரு விடியற்காலை, பெரியப்பாவால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் துவண்டுவிட்டன. நாடி பிடித்துப் பார்த்த பக்கத்து வீட்டு நர்ஸம்மா, "இப்பவே வண்டியப் புடிங்க" என்று கத்தியிருக்கிறார். கம்பத்தில் முதலுதவி. அங்கிருந்து க.விலக்கு பெரியாஸ்பத்திரி. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நீங்களும் நானும் ஜன்னலோரம் ரசித்துக்கொண்டு வந்தோமே, அதே பாதைதான். எதிர்த்திசையில், ஆம்புலன்ஸில், கண்ணை மூடிக்கொண்டு.

ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டினாலே டாக்டர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். பெரியப்பாவுக்கு 6.9.

"என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு?"

அண்ணன் அந்தச் சீட்டை நீட்டியிருக்கிறார். டாக்டர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"இவருக்குக் கிட்னி பழுதாயிருக்குன்னு இதை எழுதுனவருக்குத் தெரியுமா?"

தெரியாது. எங்களுக்கே தெரியாது. வீட்டில் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே கிடந்த பைலில் எட்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட் இருந்தது. கிரியேட்டினின் 2.6. யாரும் பிரிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இளநீரும் வாழைப்பழமும் கெடுதலா என்று பதறாதீர்கள். உங்களுக்கும் எனக்கும் நல்லதுதான். அவற்றில் பொட்டாசியம் நிறைய. நல்ல சிறுநீரகம் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் தள்ள முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் இதயத் துடிப்பிலேயே கை வைத்துவிடும். அந்த விசேஷ உப்பு இருக்கிறதே, அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டுச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். ஆரோக்கியமான மனிதனுக்கு எழுதிய நல்ல சாப்பாட்டுச் சீட்டு, ஆள் மாறியதும் விஷச் சீட்டாகிவிட்டது.

ஊசி, மருந்து, இரண்டு தடவை டயாலிசிஸ். பெரியப்பா பிழைத்துக்கொண்டார்.

*

அண்ணனும் நானும் அந்தக் கோட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். கோபத்தோடுதான் போனோம். அவர் துளி பதறவில்லை.

"சார், நான் மருந்தா கொடுத்தேன்? சாப்பாடுதானே சொன்னேன்? சாப்பாட்டுல யாராவது சாவாங்களா சார்?"

"என்ன படிச்சிருக்கீங்க?"

சான்றிதழைக் காட்டினார். ஏழு நாள் வகுப்பு. தினமும் இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டர் திரையில்.

"லைசென்ஸ்?"

பவுடர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினாலு இலக்க எண். "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு சார்!"

அது டப்பாவுக்கு வாங்கிய லைசென்ஸ். டப்பாவை நீட்டுகிற ஆளுக்கு இல்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தெருமுனையில் பஜ்ஜி போடுகிற அக்காகூடப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த பஜ்ஜியை யார் தின்னலாம், யார் தின்னக் கூடாது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் வேலையில்லை.

சரி, புகார் கொடுக்கலாம் என்றால், எங்கே? மெடிக்கல் கவுன்சிலுக்குப் போனால், 'அவர் டாக்டரே இல்லையே' என்பார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போனால் டப்பாவில் குறையில்லை. நுகர்வோர் கோர்ட்? பில்லை எடுத்துப் பார்த்தேன். பி.காம். மூளை அப்போதுதான் விழித்துக்கொண்டது. 'பவுடர் டப்பா: ரூ.7,500. ஆலோசனை: இலவசம்.' இலவசமாகச் செய்கிற சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. மனுஷன் சாப்பாட்டில் சறுக்கியிருக்கலாம். கணக்கில் சறுக்கவில்லை!

படியிறங்கி வரும்போது அண்ணன் சொன்னார்: "கொடிக்குத் தப்பான மருந்தக் குடுத்தா, வேளாண்மை ஆபீசர்கிட்டப் போயி நிப்பேன். கடை லைசென்ஸப் புடுங்கிருவாங்க. இந்தாளோட எதைப்பா புடுங்குறது?"

இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. லைசென்ஸ் என்றால் 'இவர் அறிவாளி' என்பதற்கு அத்தாட்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை சார். தப்பு நடந்தால் பிடுங்குவதற்கு அந்த ஆளிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதுதான் லைசென்ஸ்.

*

நம் நாட்டில் மற்ற தொழில்களுக்கெல்லாம் இது எப்போதோ வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914-லேயே வந்தது. நர்ஸுகளுக்கு 1947. பார்மசிக்கும் பல் டாக்டருக்கும் 1948. எங்கள் சொந்தக்கார ஜாதியான ஆடிட்டர்களுக்கு 1949. கணக்கு எழுதுவதற்கு பி.காம். போதும், ஏன், பத்தாம் வகுப்பே போதும். ஆனால் தணிக்கை செய்து கையெழுத்துப் போட பதிவு வேண்டும். தப்பாகக் கையெழுத்துப் போட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? விஞ்ஞானம் இல்லாமலா? அதுவும் இல்லை. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் பிறந்த வீடே நம் குன்னூர்தான். பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க, 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் அங்கே ஒரே ஓர் அறையில் ஆரம்பித்ததுதான், 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் 1963-லேயே தொடங்கிவிட்டது. அவர்கள் பரீட்சை வைத்து 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்' என்று தகுதியும் கொடுக்கிறார்கள். ஆனால் அது சங்கம் கொடுப்பது. எழுதினால் பெருமை. எழுதாமல் போர்டு மாட்டினால் சங்கத்தால் கழற்ற முடியாது.

2021 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. பெயர் கொஞ்சம் நீளம்: தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம். பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் உண்டு. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு பெயரும் உண்டு. இது முக்கியம். பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்று போர்டு வைக்கத்தான் பதிவு கட்டாயம். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நம் சட்டம் அந்தப் பின்கதவையும் சேர்த்துப் பூட்டப் பார்க்கிறது. சட்டம் சொல்கிற சுகாதாரத் தொழில் வல்லுநருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு. கோட்டுக்காரரின் ஏழு நாள் கோர்ஸ் பதினாலு மணி நேரம். கழித்துப் பாருங்கள். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு. அதில் பெயர் இல்லாதவர் தொழில் செய்தால் அபராதம். பெயர் இருக்கிறவர் தப்பு செய்தால் பெயரை நீக்கலாம். அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்!

ஆனால் சட்டம் புத்தகத்தில் ஏறுவதற்கும் தெருவில் இறங்குவதற்கும் நடுவே நம் ஊரில் எத்தனை ஸ்டாப்பிங் என்று உங்களுக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருந்தன, அவையும் இயங்கவில்லை என்பது தெரிய வந்தது. அக்டோபர் 12-க்குள் சட்டத்தை அமல்படுத்துங்கள் என்று கோர்ட் கெடு வைக்க வேண்டியிருந்தது.

*

'அப்படியென்றால் இனிமேல் பாட்டி வைத்தியம் சொல்ல லைசென்ஸ் வேண்டுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான பயம். அமெரிக்காவில் அது நடந்தே இருக்கிறது.

வட கரோலினாவில் ஸ்டீவ் குக்ஸி என்று ஒருவர். சர்க்கரை நோயாளி. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு உடம்பு தேறியவர். அந்த அனுபவத்தை இணையத்தில் எழுதி, கேட்கிறவர்களுக்கு யோசனையும் சொன்னார். அந்த மாநிலத்து டயட்டெடிக்ஸ் போர்டு 2012-ல் அவர் எழுதியதை அச்செடுத்து, வாத்தியார் மாதிரி சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2015-ல் போர்டு தன் விதிகளைத் தளர்த்திக்கொண்டது. புளோரிடாவிலோ, காசு வாங்கிக்கொண்டு ஆளுக்குத் தகுந்த டயட் எழுதிக் கொடுத்த ஒரு பெண்மணிக்கு 2017-ல் அபராதம் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த மாநிலமே நடுவில், 2020-ல், சட்டத்தைக் கொஞ்சம் இளக்கிக்கொண்டது. நோய்க்காக டாக்டர் கவனிப்பில் இல்லாதவருக்கு, லைசென்ஸ் இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல், யாரும் யோசனை சொல்லலாம்.

கோடு எங்கே போட வேண்டும் என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. பாட்டி காசு வாங்குவதில்லை. போர்டு மாட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. 'சுரைக்காய் சேத்துக்கடா, சூடு தணியும்' என்று சொல்கிற பாட்டியைச் சட்டம் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது. காசு வாங்கிக்கொண்டு, நோயாளி என்று தெரிந்தே, 'இதைத் தின்னு, மாத்திரையை நிறுத்து' என்று சொல்கிறவரைத்தான் 'உன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். நாலு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் போதும்.

*

பெரியப்பாவை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் அம்மா ஒருவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் பழைய நோட்டு. முதலில் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, என்ன வேலை பாக்குறீங்க? வீட்டுல யாரு சமையல்? ரேஷன் அரிசியா, கடை அரிசியா? ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெரியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "காயைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு அப்புறம் தாளிங்கம்மா. பொட்டாசியம் பாதி தண்ணியோட போயிரும்" என்றார். சோறு எத்தனை கரண்டி என்று கரண்டியோடு காட்டினார். டப்பா எதையும் நீட்டவில்லை.

நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எம்.எஸ்ஸி. முடித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதித் தேறியவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன சார் பிரயோஜனம்? என் போர்டுலயும் டயட்டீஷியன்தான். அவர் போர்டுலயும் டயட்டீஷியன்தான். ஜனங்களுக்கு எப்பிடி வித்தியாசம் தெரியும்?"

தெரியாதுதான். பதிவேட்டை விரல் நுனியில் தட்டிப் பார்க்கிற நாள் வரும்வரை, நீங்கள் மூன்று கேள்விகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன படித்தீர்கள், எத்தனை வருஷம்? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு 'அதெல்லாம் தேவையில்லை' என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏழாயிரத்து ஐந்நூறு மிச்சம். சில சமயம் உயிரும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். ஆனால் குரலில் பழைய அதிகாரம்.

"வாப்பா. உக்காரு."

ஒரு கொத்தைக் கத்தரித்து, தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக எண்ணித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எனக்குத் திக்கென்றது.

"பெரியப்பா... திராட்சை..."

"சத்தம் போடாத. அந்தம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொல்லிருக்கு. ஒரு நாளைக்குப் பத்துப் பழம். சீட்டுல எழுதிருக்கு, வேணும்னா பாரு."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். இந்தத் தடவை நான் அதை முழுசாக, ஒரு வரி விடாமல் படித்தேன். கீழே ஒரு கையெழுத்தும், பெயரும், பதிவு எண்ணும் இருந்தன.

"சரியா இருக்கா?" என்றார் பெரியப்பா.

"சரியா இருக்கு" என்றேன். அவர் பதினோராவது பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.